குடவோலையும் குடிமனையும்: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பள்ளிகளில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



நீங்கள் நடத்தும் பாடங்களில் இரண்டு, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போலத் தனித்தனி அலகுகளில் அமைந்திருக்கின்றன. ஒன்று சோழர் கால உள்ளாட்சி. உத்திரமேரூர், குடவோலை, சபை, ஊர், நாடு என்று அது விரியும். மற்றொன்று ஆங்கிலேயர் கால நிலவருவாய் முறைகள். ஜமீன்தாரி, ரயத்துவாரி, மகல்வாரி என்ற மூன்று பெயர்களும் அவற்றைக் கொண்டுவந்தவர்களின் பெயர்களும் அதில் வரும். முதலாவதை மாணவர்கள் பெருமிதத்தோடு கேட்கிறார்கள். இரண்டாவதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே கேள்வியால் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். நிலம் யார் பேரில் இருந்தது, ஊர் வழக்கம் இன்னது என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது என்பதே அந்தக் கேள்வி. தமிழ்ச் சமூகத்தின் மேல் கீழ் வரிசையை முன்னோரின் மூடநம்பிக்கை என்றோ வெள்ளையரின் சூழ்ச்சி என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டு விளக்கங்களும் போதாதவை. அந்த வரிசை ஆயிரம் ஆண்டுகளாக நிலப் பதிவில் வேரூன்றியிருந்தது. ஆட்சிக்கு வந்த ஒவ்வொருவரும், வரி தடையின்றி வர வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே மேலே இருந்தவர்களைக் கேட்டே அந்தப் பதிவைப் புதுப்பித்தார்கள். நான் நிறுவ விரும்புவது இதைத்தான்.

உத்திரமேரூரிலிருந்து தொடங்கலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் உலக நிர்வாக வரலாற்றின் அரிய ஆவணங்கள் என்பதில் ஐயமில்லை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்து வாரியங்களை அமைத்தார்கள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி இடம்பெற முடியாது. பொதுப்பணத்தைக் கையாள்வோரிடம் இவ்வளவு கண்டிப்பை எதிர்பார்த்த ஒரு சபையை எண்ணி மாணவர்கள் பெருமைப்படுவது நியாயமே. ஆனால், அதே கல்வெட்டு விதிக்கும் தகுதிகளையும் அதே அழுத்தத்தோடு வகுப்பில் வாசிக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி வாழ வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அதில் கூடுதல் புலமை இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும். உத்திரமேரூர் பிராமணர்களுக்குத் தரப்பட்ட சதுர்வேதிமங்கலம். அதன் சபை அந்நிலவுடைமையாளர்களின் சபை. அவர்களுடைய வயலை உழுதவர்கள், நாற்று நட்டவர்கள், ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்கள் ஆகியோரின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. பெண்களின் பெயரும் ஏறவில்லை. இது தமிழகத்துக்கு மட்டும் உரிய குறை அன்று. குடியரசு என்று புகழப்படும் பண்டைய உரோமில், நூற்றுவர் பேரவையின் 193 வாக்குக் குழுக்களில் 98 குழுக்கள் குதிரைப்படை வகுப்பினருக்கும் முதல்தரச் சொத்துக்காரர்களுக்கும் உரியவை. சொத்தே இல்லாத குடிமக்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழுதான். நிலமுள்ளவர் சொல்லே ஊர்ச் சொல் என்பது பண்டைய உலகில் பரவலாக நிலவிய விதி. நம் ஊர்களும் அந்த விதிக்கு உட்பட்டே இருந்தன.

ஓலையில் பெயர் ஏறாதவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் விடை தருகின்றன. கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களைப் பட்டியலிடும்போது, ஒவ்வோர் ஊரிலும் வரி விதிக்கப்படாத இடங்களை அவை கழித்துக் காட்டுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கோயில், சுடுகாடு என்ற அந்தப் பட்டியலில் பறைச்சேரி, கம்மாணசேரி, ஈழச்சேரி ஆகியவை தனித்தனியே வருகின்றன. தீண்டாச்சேரி என்ற பெயரும் வருகிறது. பறையர் சுடுகாடு வேறாகக் குறிக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாழும் இடமும் எரியூட்டும் இடமும் பிரிக்கப்பட்டிருந்தன என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்தச் சான்றும் சொல்லாது. இலக்கண மரபிலும் இந்தப் பிரிவினையின் சாயல் உண்டு. அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே தொல்காப்பியம் நிறுத்துவதாக உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். பிறர் ஏவலுக்குக் கட்டுப்பட்டவருக்குக் காதலின் முழுமைகூட வாய்க்காது என்ற எண்ணம் அங்கே தெரிகிறது. மேலே இருந்தவரும் நிலத்தை இழந்தால் கீழே விழலாம் என்பதையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டில், திருப்பாம்புரத்தில் பஞ்சம் தாளாத ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். பிறப்பால் உயர்ந்தவர் என்ற தகுதி அவரைக் காக்கவில்லை. வரிசையின் அடித்தளத்தில் நிலமும் நெல்லும் இருந்தன. பிறப்பு பற்றிய நம்பிக்கை அதன் மேல் கட்டப்பட்டது.

இந்த வரிசை அசையாமல் நின்றதும் இல்லை. கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில், கம்மாளர்கள் தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டலாம் என்று அரசாணை வருகிறது. அதற்கு முன்பு இவையெல்லாம் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன என்பது ஒரு செய்தி. கேட்டுப் பெற முடிந்தது என்பது இன்னொரு செய்தி. அதையும் மாணவர்கள் அறிய வேண்டும். இதைவிட முக்கியமானது 1429ஆம் ஆண்டு விசயநகர ஆட்சிக் காலக் கல்வெட்டுகள் சொல்லும் நிகழ்வு. காவிரிப் பகுதியின் வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவினர், தங்களுக்குள் இருந்த பகையை ஒதுக்கிவைத்துவிட்டு, அரசு அதிகாரிகளும் அவர்களோடு கைகோத்த பிராமண, வேளாளக் காணியாளர்களும் திணித்த வரிக்கு எதிராக ஒன்றுசேர்ந்தார்கள். கொடுக்க வேண்டியது எவ்வளவு, கொடுக்கக் கூடாதது எது என்று அவர்களே முடிவு செய்து கல்லில் வெட்டினார்கள். கீழே இருந்தவர்கள் தங்கள் நிலையை விதி என்று ஏற்றுக்கொண்டார்கள் என்ற எண்ணத்துக்கு இது நேரான மறுப்பு. பண்டைய, இடைக்கால வரிசை கொடியதாக இருந்தது. ஆனால் அதில் பேரம் பேச இடம் இருந்தது, வழக்காட இடம் இருந்தது, ஊரைவிட்டுப் போய்விடுவோம் என்று மிரட்டவும் இடம் இருந்தது. எழுதப்பட்ட ஒரே சட்டம் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்ற நிலை அப்போது இல்லை.

அந்த நிலை காலனி ஆட்சியோடு வந்தது. அது எப்படி வந்தது என்பதை யாழ்ப்பாணம் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே ஆண்ட டச்சுக்காரர்கள், உள்ளூர் வழக்கங்களைத் தொகுத்துத் தரும்படி நீண்டகாலம் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த தங்கள் அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸைப் பணித்தார்கள். 1707இல் உருவான அந்தத் தொகுப்பே தேசவழமை. அதன் தமிழாக்கம் 12 முதலியார்களிடம் காட்டப்பட்டு, சரி என்று அவர்கள் ஒப்பிய பிறகு சட்டமாயிற்று. சீதனம், மரபுரிமை, ஒற்றி ஆகியவற்றோடு அடிமைகள் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. சரிபார்க்க அழைக்கப்பட்ட பன்னிருவரும் நிலமும் பதவியும் உடையவர்கள். அடிமைப்பட்டவர்களிடம் வழக்கம் என்ன என்று எவரும் கேட்கவில்லை. இடத்துக்கு இடம் மாறிக்கொண்டிருந்த நடைமுறைகளில், உடைமையாளர் நினைவில் இருந்தவை மட்டும் எழுத்தாயின. எழுத்தானவை நீதிமன்றத்தில் செல்லுபடியாயின. ஆங்கிலேயர் 1806இல் அதே தொகுப்பை உறுதிப்படுத்தினார்கள். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். ஓர் அன்னிய அரசு வழக்கத்தை மதிக்கிறோம் என்று சொல்லும்போது, யாருடைய வழக்கத்தை என்று கேட்க வேண்டியதன் அவசியத்தை இந்த ஒரு சான்றே உணர்த்தும்.

செங்கல்பட்டில் நடந்ததும் இதுவே. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கிடைத்த பகுதி அது. 1790களில் அங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், வரியை ஒழுங்குபடுத்த முனைந்தபோது காணியாட்சி உரிமை கொண்டாடிய மிராசுதார்களோடு மோதவும் நேர்ந்தது, இணங்கிப்போகவும் நேர்ந்தது. பின்னர் மிராசு உரிமை என்றால் என்ன என்று சென்னை அரசு 17 கேள்விகளை எழுப்பியது. அவற்றுக்குத் தமிழறிஞர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் எழுதிய விடைகள் 1818இல் அச்சாயின. கல்வெட்டு, இலக்கியம், பழைய பத்திரங்கள் ஆகியவற்றைக் கொண்டு எல்லிஸ் செய்த அந்த ஆய்வின் ஆழத்தை எவரும் மறுக்க முடியாது. ஆனால், அவர் கையில் கிடைத்த பத்திரங்கள் யாவும் நிலமுடையவர்கள் எழுதியவை, நிலமுடையவர்கள் காத்துவந்தவை. காணி பழமையானது என்று அவை சாட்சி சொல்லின. அந்தக் காணியில் வேலை செய்தவர்களுக்கு ஏதும் உரிமை இருந்ததா என்று சொல்ல அவற்றில் வாய் இல்லை. உத்திரமேரூர் ஓலையில் விடுபட்ட பெயர் எல்லிஸின் ஆய்விலும் உரிமையாளர் பட்டியலுக்கு வெளியே நின்றது. அறிஞரின் நேர்மையில் குறையில்லை. ஆதாரம் பிறந்த இடத்திலேயே அந்த விடுபடல் நிகழ்ந்துவிட்டது. இதை மாணவர்களுக்கு விளக்கினால், ஓர் ஆவணத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்ற பயிற்சியையும் சேர்த்தே கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

ரயத்துவாரி முறையைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் விளக்கும்: அரசு இடைத்தரகர் இல்லாமல் உழவரிடம் நேரடியாக வரி வாங்கியது என்று. அலெக்சாந்தர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் தொடங்கியதும், 1820களில் மன்றோ ஆளுநராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் வேரூன்றியதுமான அந்த முறையில் உழவர் என்று பதியப்பட்டவர் யார்? பட்டாதாரர். தஞ்சை, செங்கல்பட்டுப் போன்ற நன்செய்ப் பகுதிகளில் ஏர் பிடித்தவர் பெரும்பாலும் பண்ணையாள் அல்லது படியாள். பட்டா இன்னொருவர் பேரில். தரிசு நிலத்தைக் கேட்டுத் தர்காஸ்து போட்டால்கூட, மிராசு ஊர்களில் மிராசுதாருக்கே முன்னுரிமை. வேண்டுமென்று அவர் சொல்லிவிட்டால் சேரியில் வாழ்பவரின் மனு தள்ளுபடியாகும். அடிமைத்தனம் பற்றி 1819இல் வருவாய் வாரியம் மாவட்டக் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டுப் பெற்றது. நிலத்தோடு சேர்த்து மனிதர்களும் விற்கப்பட்டதும் ஒற்றி வைக்கப்பட்டதும் அரசுக்குத் தெரியாத செய்திகள் அல்ல. மலபாரில் கும்பினி அரசே, தன் வசமிருந்த நிலங்களில் இருந்த அடிமைகளின் வழியாக 1830கள் வரை வருவாய் பெற்றுவந்தது. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்ற 5ஆம் சட்டம் 1843இல்தான் வந்தது. அது விடுதலை பெற்றவருக்கு ஒரு குழி நிலம்கூடத் தரவில்லை. அடிமை என்ற பெயர் போய், முன்பணக் கடனுக்குக் கட்டுப்பட்ட படியாள் என்ற பெயரில் அதே உழைப்பு தொடர்ந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராகப் பொறுப்பு வகித்த டிரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்து அளித்த அறிக்கை இந்த உண்மையை அரசின் குரலிலேயே சொன்னது. நிலமின்மை மட்டும் சிக்கல் அன்று. குடிசை நிற்கும் மனையையே மிராசுதார் தமது என்று உரிமை கொண்டாடினார். கூலி போதவில்லை என்று கேட்டாலோ வேறு இடத்தில் வேலைக்குப் போனாலோ மனையைவிட்டு வெளியேற்றிவிடலாம். ஆகவே குடிமனையே கட்டுப்பாட்டின் கருவியாக இருந்தது. இந்த அறிக்கையின் தொடர்ச்சியாகவே 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். மனைச் சிக்கலோ அதன் பிறகும் தீரவில்லை. விடுதலை பெற்ற நாட்டில், 1952இல், தஞ்சைப் பண்ணையாட்களைக் காக்கத் தனியாக ஓர் அவசரச் சட்டம் தேவைப்பட்டது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். குடியிருப்போருக்கே மனையை உரிமையாக்கும் சட்டம் தமிழகத்தில் 1971இல்தான் வந்தது. சொந்த மனையில் வாழ்பவனாக இருக்க வேண்டும் என்று 921இல் கல்லில் வெட்டப்பட்ட தகுதி, எத்தனை நூற்றாண்டுகள் எத்தனை பேரை வெளியே நிறுத்தியது என்பதை இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மாணவர்களுக்கே விளங்கும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். சாதி வரிசையே ஆங்கிலேயர் உருவாக்கியது, கணக்கெடுப்புகளில் பட்டியல் போட்டுத்தான் மக்களைப் பிரித்தார்கள் என்பது முதல் மறுப்பு. இதில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி சாதிகளைச் சமூக மதிப்பின் வரிசையில் அடுக்க முயன்றதும், எங்கள் இடம் மேலே என்று பல சமூகங்கள் மனுக்களைக் குவித்ததும் வரலாறு. இடத்துக்கு இடம் மாறிய வரிசை, அச்சேறியதும் இறுகியது. ஆனால் இறுக்கியது வேறு, படைத்தது வேறு. தீண்டாச்சேரி என்று கல்லில் வெட்டியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். நிலமற்ற உழைப்பாளர் கூட்டமே காலனி ஆட்சியின் படைப்பு என்று 1950களில் சில பொருளியலாளர்கள் வாதிட்டபோது, பொருளியல் வரலாற்றாசிரியர் தர்மா குமார் 1965இல் வெளியிட்ட தமது நூலில் சென்னை மாகாண ஆவணங்களைக் கொண்டு அதை மறுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பிறப்பால் பண்ணை உழைப்புக்குக் கட்டுப்பட்ட சாதியினர் மக்கள்தொகையில் கணிசமாக இருந்தார்கள் என்று அவர் காட்டினார். பழியை முழுவதும் வெளியே தள்ளிவிட்டால் நம் கல்வெட்டுகளை நாமே பொய்யாக்குகிறோம்.

இரண்டாவது மறுப்பு இதற்கு நேர் எதிரானது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு முதல் பள்ளியும் முதல் நீதிமன்றமும் ஆங்கிலேயர் காலத்தில்தானே வந்தன, அவர்களை எப்படிக் குறை சொல்லலாம் என்பது அது. மிஷன் பள்ளிகளும் படையும் ரயிலும் நகரமும் பலருக்குச் சேரியிலிருந்து வெளியேற வழி திறந்தன என்பது உண்மை. அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியதும், இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழை நடத்தத் தொடங்கியதும் அந்தத் திறப்பில்தான். ஆனால் அந்த வாசல் வழியே நடந்தவர்கள் தங்கள் காலில் நடந்தார்கள். பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கும்பினி ஆட்சியும் அதன் பின் வந்த பிரிட்டிஷ் முடியாட்சியும் அதுவரை அந்தச் சாலைகளுக்கு வரி வாங்கிக்கொண்டுதான் இருந்தன. ஓர் அரசின் கொள்கையை மதிப்பிட அதன் பள்ளிக்கூடத்தோடு பட்டாப் பதிவையும் பார்க்க வேண்டும். பள்ளி சிலருக்குக் கதவைத் திறந்தது. பட்டா பெரும்பாலோருக்குக் கதவை அடைத்தே வைத்தது.

எல்லா நாட்டிலும் இப்படித்தான் இருந்தது, நம்மை மட்டும் ஏன் குடைய வேண்டும் என்பவர்களுக்குப் பெரு நாட்டின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஸ்பானியர் அங்கே பூர்வகுடிகளைத் தனி வகுப்பாகப் பதிந்து தலைவரி விதித்தார்கள். பழைய குலத்தலைவர் குடும்பங்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்து, அவர்களைக் கொண்டே வரியைத் தண்டினார்கள். 1821இல் விடுதலையை அறிவித்த சான் மார்ட்டின் அந்த வரியை ஒழித்தார். கருவூலம் வற்றியதும் 1826இல் புதிய குடியரசே அதை மீண்டும் கொண்டுவந்தது. இறுதியாக ஒழிந்தது 1854இல். ஆள்வோர் மாறினாலும் வரித்தேவை மாறாதவரை வரிசையும் மாறாது என்ற பாடம் நமக்கும் பொருந்தும். எல்லா நாட்டிலும் இருந்தது என்பது ஆராயாமல் விடுவதற்குக் காரணமாகாது. ஒப்பிட்டு ஆராய்வதற்கே காரணமாகும். நம் மக்கள் கடல் கடந்த இடத்திலும் இதே கட்டமைப்பு அவர்களைத் தொடர்ந்தது. நிலமற்ற எத்தனையோ குடும்பங்கள் கங்காணிகள் வழியாக இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போயின. அங்கே அவர்கள் வாழ்ந்த லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தங்களுக்கென்று ஒரு துண்டு மனை வேண்டும் என்று மலையகத் தமிழர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இறுதியாக, இவற்றையெல்லாம் வகுப்பில் பேசினால் பிள்ளைகளிடையே பிளவு வரும், ஒரு மாணவன் கூனிக் குறுகுவான், இன்னொருவன் குற்றவாளிபோல உணர்வான் என்ற அச்சம். நாள்தோறும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பவர்கள் நீங்கள். ஆகவே இந்த அச்சத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால், தன் ஊரின் ஊர்ப்பகுதியும் காலனியும் தனித்தனியே இருப்பதை ஒவ்வொரு பிள்ளையும் பள்ளிக்கு வருமுன்பே கண்ணால் கண்டிருக்கிறது. பாடம் அதைப் பற்றி வாய் திறக்காவிட்டால், காரணத்தை அது வேறெங்கோ கற்றுக்கொள்ளும். அங்கே கற்பிக்கப்படும் காரணம் பிறப்பின் தாழ்வு என்பதாகத்தான் இருக்கும். நிலப் பதிவின் வரலாறாக இதைக் கற்பித்தால், தாழ்வு ஒருவருடைய உடலிலோ இரத்தத்திலோ இல்லை என்பது சான்றோடு விளங்கும். மேல்நிலையில் இருந்த குடும்பத்துப் பிள்ளையும், தன் முன்னோர் தனித்தனியே கெட்டவர்கள் என்று எண்ண வேண்டியதில்லை. ஓர் அமைப்பு அவர்களுக்கு எதைத் தந்தது என்று புரிந்துகொள்ளலாம். இன்றைய அறத்தைக் கொண்டு சோழரை அளக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு விடை உண்டு. வரிக்கொடுமைக்கு எதிராக 1429இல் கல்வெட்டியவர்கள் இக்காலத்தவர் அல்லர். அநீதி அநீதியாகவே அன்றும் உணரப்பட்டது.

ஆகவே என் வேண்டுகோள் இது. உத்திரமேரூர்ப் பாடத்தை நடத்தும்போது தகுதிப் பட்டியலை முழுமையாக வாசியுங்கள். அதே வாரத்தில் தஞ்சைக் கல்வெட்டின் வரிநீங்கிய இடங்களின் பட்டியலையும் கரும்பலகையில் எழுதுங்கள். ரயத்துவாரிப் பாடம் வரும்போது, உங்கள் ஊரில் பட்டா யாரிடம் இருந்தது, ஏர் யாரிடம் இருந்தது என்று மாணவர்களைக் கேட்டு வரச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தின் நில வரைபடத்தில் நத்தம் எங்கே, சேரி எங்கே, சுடுகாடுகள் எத்தனை என்று பார்க்கச் சொல்லுங்கள். கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் பரம்பரைப் பதவியாக நெடுங்காலம் நீடித்ததைச் சொல்லி, பதிவேட்டைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தவர்களுக்கு அதனால் என்ன அதிகாரம் கிடைத்தது என்று விவாதிக்கச் செய்யுங்கள். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இவை எல்லாம் இருக்கும் பாடங்களுக்குள்ளேயே அடங்கும்.

இதைச் செய்தால், நம் அரசியல் வரலாற்றின் ஒரு பெரிய திருப்பத்தை உங்கள் மாணவர்கள் முதன்முறையாக உள்ளபடி உணர்வார்கள். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சென்னை மாகாணத்தில் நடந்த தேர்தல்களிலும் நிலவரியோ சொத்துவரியோ செலுத்திய சிலருக்கே வாக்கு இருந்தது. ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் கால் வேலி விதி வேறு வடிவில் உயிரோடு இருந்தது. அரசியலமைப்பின்படி 1951, 52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில்தான், நிலமோ மனையோ கல்வியோ ஆண் என்ற தகுதியோ கேட்காமல், வயது வந்த ஒவ்வொருவர் பெயரும் அரசின் பட்டியலில் ஏறியது. நம் மண்ணின் நீண்ட வரலாற்றில் நிலத்திலிருந்து பெயரைப் பிரித்தெடுத்த முதல் பதிவேடு அந்த வாக்காளர் பட்டியல். குடவோலையின் பெருமையை மட்டும் கற்றவர்களுக்கு, நமக்கு எப்போதும் இருந்த ஒன்றே திரும்பக் கிடைத்ததாகத் தோன்றும். குடவோலைக்கு வெளியே நின்றவர்களையும் சேர்த்துக் கற்றவர்களுக்கே, கிடைத்தது எவ்வளவு புதியது, அதைக் காக்க வேண்டிய பொறுப்பு எவ்வளவு பெரியது என்பது தெரியும். அந்தப் பொறுப்பை உணர்ந்த வாக்காளர்களை உருவாக்கும் இடம் உங்கள் வகுப்பறை. அந்தப் பணியை நீங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பணியின் மேல் நம்பிக்கையும் மதிப்பும் கொண்ட,
ஒரு வாசகர்